சுயாட்சி கேட்டவர்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் சரக்குக் கிடங்கில் என்னோடு வேலை செய்த திபெத்தியருக்குக் கன்னங்கள் எப்போதும் வெடித்திருக்கும். தமிழரோடு பழகி என்னையும் ‘அண்ணை’ என்பார். திபெத்திலிருந்து அவருடைய தாய் வீடியோவில் அழைத்தால், நாடு கடந்து வாழும் தங்கள் பௌத்த குருவின் படத்தை மறைத்துவிட்டுத்தான் பேசுவார். படம் தெரிந்தால் அங்கே பொலிஸார் தாயைப் பிடித்துவிடுவார்கள்.

“தனிநாட்டை விட்டுட்டுச் சுயாட்சி கேட்டு உங்கட குரு என்னத்தைக் கண்டவர்?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“ஒண்டுமில்லை, அண்ணை. ஆனா எங்கட பெடியளைச் சாகச் சொல்லேல்லை. நீங்கள் ஊரில என்ன செய்தனீங்கள்?”

சுயாட்சி கேட்டவர்களைத் துரோகிகள் என்று மேடைகளில் ஏசியவன் நான். அதைக் கேட்டு இயக்கத்துக்குப் போன என் மாணவர்கள் திரும்பவில்லை. என் மகனை மட்டும் முன்பே லண்டனுக்கு அனுப்பியிருந்தேன்.

“படிப்பிச்சனான்,” என்றேன்.

“நல்ல வேலை, அண்ணை,” என்று தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றினார்.