கழுவி அடக்கிய கட்டி

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் என் மனைவியின் மார்பில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். நெல்லிக்காய் அளவுதான். "பாத்தா சாதாரணக் கட்டி மாதிரித்தான் இருக்கு" என்றார் டொக்டர். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டேன்.

உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குத்தான் போகவேண்டும் என்பது கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம். நகமானாலும் நச்சுக்கொடியானாலும் புதைத்துவிடுவோம். அதனால் வெட்டுவதற்கு முன்பே நர்ஸ் மிஸ்ஸியிடம், "எடுக்கிறத வீசிப் போடாதீங்க, எங்கட கையில தாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். பின்னேரம் ஒரு போத்தலைத் தந்தார். மூக்கை அரிக்கும் தண்ணீருக்குள் கட்டி கிடந்தது. போத்தலோடு இங்கிலீசில் எழுதிய ஒரு துண்டும் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டதென்று எனக்குச் சந்தோசம். இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் என் கடைக்கு வந்து போவார்கள். ஒருவரிடமாவது அதை ஏன் காட்டவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த நாற்றத்தோடு மண்ணுக்குள் வைக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் மூன்று தரம் கழுவி, பன்னீர் தெளித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பிஸ்மி சொல்லி வேலியோரம் அடக்கினேன்.

தையல் இழை வெட்டப் போன அன்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கொழும்பு ரிப்போட் எங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"போத்தலத் தந்ததே கொழும்புக்குச் சோதிக்கக் கொண்டு போகத்தான். நல்லதாத் தெரிஞ்சாலும் அனுப்புறதுதான் முறை, கண்ணால பாத்துச் சொல்ல ஏலா. போத்தலோட தாட்டிருந்தாலும் தோண்டி அனுப்பியிருக்கலாம். அந்த மருந்துத் தண்ணியிலதான் அது அழுகாம இருக்கும், அதக் கழுவிட்டீங்களே. இனி அது நல்லதா கெட்டதா எண்டு ஆருக்கும் தெரியா."

சாதாரணம் என்றவரே இப்படிச் சொன்னால் நான் எதை நம்புவது?

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவள், "என்னவாம்?" என்றாள்.

"ரிப்போட் வந்திட்டாம் புள்ள. ஒண்டுமில்லையாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அவள் பயப்படக் கூடாதென்று சொன்னேனா, என் மடத்தனம் தெரியக் கூடாதென்று சொன்னேனா? இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு கட்டி. இந்தமுறை வேறு டொக்டர். "முந்தி எடுத்தத சோதிச்சதா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் முந்திக்கொண்டாள். "ஓம் டொக்டர். இவருதான் கேட்டு வந்து சொன்னவரு. ஒண்டுமில்ல எண்டு வந்திச்சி."

டொக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.