பஸ்ஸில் ஒரு பத்தாவது மாதம்

தொண்ணூறுகளின் கடைசியில், நான் புனேயில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கடலோரத் தண்ணீரில் மிதந்து திரியும் பிளாங்க்டன் என்கிற மிகச் சின்ன உயிரினங்கள்தான் என் படிப்பு. அதிலும் கோபிபாட் என்று ஒரு வகை. அரிசிக் குருணையைவிடச் சிறியது. இறாலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மழைக்காலத்தில் ஆறுகள் மண்ணின் சத்தையெல்லாம் கொண்டுபோய்க் கடலில் கொட்டும். அதில் பாசி செழிக்கும். அதைத் தின்று கொழுத்து, மழை ஓய்ந்ததும் இந்தத் தங்கைகள் வாலோரம் முட்டைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவார்கள். அவர்களை உயிரோடு புனேவுக்குக் கொண்டுவந்து, குஞ்சு பொரித்து வளர்வதைப் பார்க்க வேண்டும். முந்தைய வருடம் கொண்டுவந்தவை வழியிலேயே செத்துவிட்டன. இதுவும் போனால் அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் படிப்பை மூட்டை கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கொங்கண் கரையிலிருந்து அரசு பஸ்ஸில் புனேயின் ஸ்வார்கேட் பஸ் நிலையம் வந்து இறங்கி, டவுன் பஸ் ஏறினேன். கல்லூரி ஏரவாடாவையும் தாண்டிப் போக வேண்டும். அக்டோபர் வெயில் தீயாய்க் காய்ந்தது. தண்ணீர் சூடானால் எல்லாம் போய்விடும் என்று பிளாஸ்டிக் கேனை ஈரத் துண்டால் சுற்றி, வயிற்றோடு அணைத்து, மேலே துப்பட்டாவைப் போர்த்தியிருந்தேன். பார்ப்பவர்கள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன் என்று அப்போது உறைக்கவில்லை.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆளாளுக்கு இடித்தார்கள். காய்கறி வாங்கும் அளவுக்கு மராத்தி தெரியும் என்ற தைரியத்தில் கண்டக்டரிடம், "தக்கா தேவூ நகா, கரோதர் ஆஹே" என்றேன். இடிக்காதீர்கள், கர்ப்பமாக இருக்கிறது என்று அர்த்தம்.

சட்டென்று பஸ்ஸே விலகி வழி விட்டது. உட்கார இடம் கிடைத்தது. மராட்டியர்களுக்கு விஞ்ஞானத்தின்மேல் இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே பூரிப்பு. பக்கத்தில், கட்டட வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாவ்ஷி, அந்த ஊரில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், என் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"கித்வா மஹினா?"

எத்தனையாவது மாதம். அடடா, முட்டை போடும் பருவத்தைக் கேட்கிறாளே, எங்கள் புரொபசர்கூட முதல் நாள் இதைத்தானே கேட்டார் என்று மகிழ்ந்துபோய், அக்டோபரை மனதில் வைத்துக்கொண்டு, "தஹாவா" என்றேன். பத்தாவது.

மாவ்ஷியின் முகம் மாறியது. கண்டக்டரிடம் ஏதோ குசுகுசுவென்று சொன்னாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட, கேன் முன்சீட்டுக் கம்பியில் மோதி அடியில் விரிசல் விட்டது. தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

"ஐயோ, தண்ணி எல்லாம் போகுதே" என்று தமிழில் அலறிவிட்டேன்.

மாவ்ஷி எழுந்து டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நேராகப் போக வேண்டிய பஸ் சடாரென்று திரும்பியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, தமிழா நீ?"

"ஆமா சார். வண்டி எங்க போகுது?"

"ஆஸ்பத்திரிக்கும்மா. பயப்படாத, பனிக்குடம் உடைஞ்சாலும் நேரம் இருக்கு. வீட்டுக்காரர் எங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் எனக்கு மண்டையில் ஏறியது. தமிழில் ஆடுமாடு எத்தனை இருந்தாலும் 'இருக்கு' என்போம். அதே நினைப்பில் 'ஆஹே' என்றுவிட்டேன். மராத்தியில் பலவற்றுக்கு 'ஆஹேத்' என்று சொல்ல வேண்டுமாம். வெறும் 'ஆஹே' என்றால் நானேதான் கர்ப்பிணி. மானம் கப்பலேற, துப்பட்டாவை விலக்கிக் கேனைக் காட்டினேன். பெரியவரிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் மராத்தியில் பஸ்ஸுக்கே சொன்னார்.

சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை, இறங்கு என்று கையைக் காட்டினார். கேனில் பாதித் தண்ணீர்கூட இல்லை. நடுரோட்டில் இறங்கினால் மீதியும் ஒழுகிவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாவ்ஷி மட்டும் கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவை நிஜமாகவே கர்ப்பமா என்று பெரியவர் மூலமாகக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே கேனைத் தன் மடிக்கு வாங்கி, முந்தானையைச் சுருட்டி விரிசலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கண்டக்டரிடம் என்னவோ சொன்னாள். பெரியவர் அதைத் தமிழில் சொன்னார்.

"அதுங்களும் பிள்ளைத்தாச்சிதானேங்கறா. வண்டிய எடுன்னு சொல்றா."

கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணியை இரண்டு தடவை அடித்தார். பஸ் பழைய வழிக்குத் திரும்பியது. ஏரவாடாவில் மாவ்ஷி இறங்க வேண்டும். நான் கேனுக்குக் கை நீட்டினேன். விரலை எடுத்தால் ஒழுகும் என்று ஜாடை காட்டிவிட்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். எங்கள் கல்லூரி வாசலில் இறங்கி, ஆய்வகம்வரை கேனோடு வந்து, தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றிய பிறகுதான் விரலை எடுத்தாள். அது வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

இரண்டு நாளில் குஞ்சுகள் பொரிந்தன. சொல்லலாம் என்று ஏரவாடாவில் எத்தனையோ முறை தேடினேன். பேர்கூடக் கேட்டு வைக்காத ஆளை எங்கே போய்த் தேடுவது?

பின்னாளில் எனக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். வயிறு தெரிந்தாலே எழுந்து இடம் கொடுக்கும் மனிதர்களை எங்கும் பார்த்தேன், எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் மடியில் வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான் என்பதால், அன்பு என்று யார் பேசினாலும் எனக்கு அந்த வெளுத்த கட்டைவிரல்தான் ஞாபகம் வருகிறது.