சூனியக்காரி பரீட்சைக்குப் போன விதம்

காலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் கைப்பிரதி. படிக்கட்டில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைசி அத்தியாயம் தொடங்கும் இடத்தில் ஒரு ஹேர்பின் செருகியிருந்தது.

பத்திரிகை வேலையை விட்ட பிறகு நான் எழுதிய முதல் புத்தகம் அது. சிறுவர் நாவல். யாரும் நம்பாத ஒரு குட்டிச் சூனியக்காரி, மூத்த சூனியக்காரிகள் வைக்கும் பரீட்சையில் தேறிக் காட்ட வேண்டும். பதிப்பாளர் இறுதிப் பிரதியை அன்று மாலைக்குள் கேட்டிருந்தார். அதற்குள் ஒரு குழந்தையாவது அதைக் கடைசிவரை படிக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். ஆறாம் வகுப்பு. அவள் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறார்.

ஹேர்பின் இருந்த பக்கத்தை நின்றபடியே படித்தேன். பரீட்சை நாள். சூனியக்காரி துடைப்பத்தில் ஏறிக் கடலுக்கு மேலே பறக்கிறாள். நாவலின் உச்சம் என்று நான் நினைத்திருந்த இடம். அங்கேயே நிறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. போய் எழுப்ப முடியாது. டீ போட்டேன், குடிக்கவில்லை. கருவடிக்குப்பம் மெயின் ரோடு வரை நடந்து, எதுவும் வாங்காமல் திரும்பினேன். கீழ்வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது. மறுபடி நடந்தேன்.

எட்டு மணிக்கு மேல் அவள் பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

“என்னம்மா, தூக்கம் வந்துடுச்சா?”

“இல்ல அங்கிள். புடிக்கல.” நுரையைத் துப்பினாள். “தொடப்பத்து மேல யாராச்சும் ஒக்காருவாங்களா? கால் பட்டாலே எங்கம்மா கத்தும்.”

“அது மந்திரத் துடைப்பம்.”

“எங்கம்மா டெய்லி தொடப்பத்தோடதான் கெடக்குது. வேலைக்கு பஸ்லதான் போவுது.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “ஏய், அவருகிட்ட என்னாடி வாய்?”

“கேட்டாரு, சொன்னேன்.”

“சரி, அவ எப்படித்தான் பரீட்சைக்குப் போறது?” என்றேன்.

“பஸ்ல போவட்டும். கூட்டத்துல லேட்டாயிடும். கதவ சாத்திடுவாங்க. அப்பறம் மந்திரத்த காட்டட்டும், பாக்கலாம்.”

மேலே போய்ப் பதிப்பாளருக்கு போன் செய்தேன்.

“அட்டைப்படமே தொடப்பத்துல பறக்கற பொண்ணுதான் சார். வரைஞ்சாச்சு. சூனியக்காரி டவுன் பஸ்ல போனா எவன் வாங்குவான்?”

இருப்பதை அப்படியே அனுப்பினால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க உட்கார்ந்தவன் எழுதத் தொடங்கிவிட்டேன். நடுநடுவே எழுந்து மாடியில் நடந்தேன். சூனியக்காரி பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனாள். கண்டக்டர் உள்ளே வரச் சொல்லித் திட்டினார். போய்ச் சேர்ந்தபோது பரீட்சை மண்டபத்தின் கதவு சாத்தியிருந்தது.

மாலையில் புதிய பக்கங்களைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் படியிலேயே உட்கார்ந்து படித்தாள். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பியது.

“தண்ணி வந்துடுச்சு, கொடத்த எடுத்தாடி!”

“இரும்மா, கதவ சாத்திட்டாங்க!”

“எந்தக் கதவுடி?” என்று கேட்டபடி அம்மாவே குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இருட்டுவதற்குள் அவள் கடைசிப் பக்கத்தை முடித்தாள். புதிய அத்தியாயத்தோடு பிரதியை அனுப்பினேன்.

அந்தப் பதிப்பாளர் புத்தகத்தைப் போடவில்லை.