பாலம் தாண்டிப் போன களைக்கொல்லி

அடித்தவன் மறந்துபோன மருந்து மண்ணில் எத்தனை நாள் தங்கும், தண்ணீரோடு எவ்வளவு தூரம் போகும் என்று தேடித் திரிவதுதான் என் பிழைப்பு. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பாதி பாதியாக

நிபோங் திபாலில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி லட்சுமி அக்காவின் கீரைப் பாத்தி. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்ததிலிருந்து, கிணறு கெட்டிருக்குமோ என்று அக்காவுக்குப் பயம். கீரையைப் பாசார் சந்தையில் விற்றுத்தான் வீடு ஓடுகிறது. புட்டியில் தண்ணீர் பிடித்தபடியே, "பாதி கரைய ஒரு மாசம்னு வைங்கக்கா, மிச்சத்துல பாதி கரைய இன்னொரு மாசம், அதுல பாதி..." என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப முழுசாப் போகவே போகாதா? ரெண்டு நாள் தங்க வந்த எங்க மச்சான் கதையால்ல இருக்கு."

அவசரக் குடுக்கை

கிணற்றுத் தண்ணீரில் மருந்து இருப்பதாக முடிவு வந்தது. உடனே போன் போட்டு, "கீரையை விற்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா அழுதுகொண்டே பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டார்.

நாங்கள் எங்கே போனாலும் ஒரு புட்டி சுத்தத் தண்ணீரும் கூடவே வரும். அதையும் கிணற்றடியில் திறந்து மூடிக் கொண்டுவருவோம். அதில் எதுவுமே இருக்கக் கூடாது. அதன் முடிவு வருவதற்குள் போன் போட்டது என் அவசரம். முந்தின நாள் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவிலுள்ள பாயான் பாருவில் என் வீட்டு வாசல் புல்லுக்கு அதே மருந்தை அடித்த கையுறையை மாட்டிக்கொண்டு போனது என் சோம்பேறித்தனம். சோதனைச்சாலை ஃபரீதா தாளை என் பக்கம் தள்ளினாள். "அண்ணே, கிணத்துல எவ்வளவோ, சுத்தத் தண்ணியிலயும் அவ்வளவு. மருந்து தோட்டத்துலேருந்து வரல லா, உங்க கூடத்தான் பாலம் தாண்டிப் போயிருக்கு."

மறுபடியும் கிணற்றடி

புதுக் கையுறையோடு மூன்று தடவை போய்த் தண்ணீர் எடுத்தேன். கிணறு சுத்தம். நான்காவது தடவை அதைச் சொல்லப் போனபோது அக்கா மறுபடியும் விதை தூவிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையதுதான் என்று மறைக்காமல் சொன்னேன். அக்கா கேட் அருகே ஒரு வாளித் தண்ணீரை வைத்து, கையைக் கழுவச் சொன்னார். பிறகு கேட்டார்: "மருந்து இல்லன்னு ஆயிடுச்சு, சந்தோஷம். இனி நீங்க எப்ப தம்பி முழுசாப் போவீங்க?"

களைக்கொல்லியைவிட அதிக நாள் தங்கி, அதைவிட அதிக தூரம் பரவக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிக்கையில் எழுதலாம்தான், ஆனால் அதன் அடியில் கையெழுத்துப் போட வேண்டியவனும் நானாயிற்றே.