திராட்சைத் தோட்டத்துச் சின்னப்பன்

எடப்பாடியிலிருந்து எனக்கு வேட்டி கொண்டுவந்து தரும் நெசவாளர் அருளப்பன் போன செவ்வாய்க்கிழமை வந்தார். மூட்டையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து முடித்த பிறகு, "சின்னப்பண்ணன் போயிட்டாருங்க. எட்டு நாளாச்சு. கொடிக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வந்து உக்காந்தவரு எந்திரிக்கலீங்க" என்றார். வயது என்ன இருக்கும் என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. எழுபதுக்குக் கிட்ட இருக்கும் என்றார். இரண்டு வேட்டி எடுத்துக்கொண்டு அவரை அனுப்பி வைத்தேன்.

மேட்டூருக்கும் எடப்பாடிக்கும் நடுவிலிருக்கும் மிஷன் திராட்சைத் தோட்டத்தை அறிந்தவர்கள் சின்னப்பனை அறியாமல் இருக்க முடியாது. அதை முப்பது வருஷம் நடத்தியவர் அவர். சுற்றுவட்டாரத்து மாதா கோவில்களில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தை அங்கேயே பிழிந்து, பீப்பாய்களில் புளிக்க வைத்து அனுப்புவார்கள். சித்திரையில் அறுவடை, மூன்று நாள். கடைசி நாள் விருந்து. பழம் பறித்தவர்கள் எல்லோருக்கும் சின்னப்பன் தம் கையால் போன வருஷத்து ரசம் ஒரு சிறு கிண்ணம் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். வேதக்காரர், இந்து என்ற வித்தியாசம் கிடையாது. பாதையோடு போகிறவர் எட்டிப் பார்த்தாலும் அவருக்கும் ஒரு கிண்ணம். அந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை. அதை நிறுத்தப் போனவன் நான்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது. அதன் அமுலைக் கவனிக்கும் சப் இன்ஸ்பெக்டராக எடப்பாடியில் இருந்தேன். பூசைக்கு மட்டும் ரசம் தயாரிக்க மிஷனுக்கு அனுமதி உண்டு. வேறு யாருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்கக் கூடாது. அறுவடை முடியும்வரை உடனிருந்து பீப்பாய் அறைக்கு சீல் வைப்பது என் வேலை. முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். சைக்கிளை வேலியோரம் நிறுத்துவதற்குள் சின்னப்பன் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்த வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல சாப்புடுங்க. சோதனை எங்கீங்க போகப்போகுது?"

சோதனைக்குப் போன இடத்தில் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் பந்தி போடும்போதெல்லாம் எனக்கு ஓர் இலை போட்டார். நான் வராததைப் பார்த்துக் கடைசியில் அந்த இலையில் வேறு யாரையாவது உட்கார வைப்பார். அடுத்த வேளைக்கு மறுபடியும் போடுவார். நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோறு முதல் நாளோடு தீர்ந்துவிட்டது. மறுநாள் முழுவதும் பாதையில் விலைக்கு வாங்கிய கொய்யாப்பழமும் மோரும். மூன்றாம் நாள் மத்தியானம், சீல் வைத்து முடித்த பிறகு, போய் உட்கார்ந்தேன். "இப்ப வேலை முடிஞ்சுதுங்களே, சோறு சோறாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றுதான் விருந்து. பந்தலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மேச்சேரிக் கிடா மூன்று அறுத்திருந்தார்கள். பந்தியின் தலைப்பில் சின்னப்பனின் அண்ணன் ராயப்பன் உட்கார்ந்திருந்தார். அந்த மண்ணில் முதல் கொடிக்குக் குழி வெட்டியவர்கள் அவர்கள் இருவருமே. அதனால் வருஷா வருஷம் முதல் கிண்ணம் ராயப்பனுக்குத்தான். அந்த வருஷம் சின்னப்பன் ரசத்துக்குப் பதிலாக, அன்று பிழிந்த சாற்றைச் சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஈரத்துணி சுற்றிய பானையில் ஆற வைத்து ஊற்றிக்கொண்டு வந்தார். ராயப்பன் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார்.

"இது பிள்ளைங்களுக்குக் குடுக்கறது. எனக்கு ஒரு மொடக்கு ஊத்த உனக்கு மனசு வல்லியா?"

"மனசில்லாம இல்லீங்ணா. அறைக்கு சீல் வெச்சாச்சு."

"சீல் வெச்சவரு அங்க உக்காந்து கறிச்சோறு தின்னுட்டிருக்கறாரு. அவரைக் கேளு. ஒரு கிண்ணந்தானே, வேண்டாம்னா சொல்லீருவாரு?"

பந்தல் முழுவதும் என்னைப் பார்த்தது. என் கையில் சோறு இருந்தது. சின்னப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கேக்க மாட்டனுங்ணா" என்றார். "நான் கூப்புட்டுத்தான் அவரு எலைல உக்காந்தாரு. சாப்புடறவருகிட்ட அதைக் கேட்டா, சோத்துக்கு வெல கேட்ட மாதிரி ஆயிருமுங்க."

ராயப்பன் பாதி இலையோடு எழுந்தார். கையைக் கழுவித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து போனார். சின்னப்பன் வேலிப் படல்வரை பின்னால் போய் நின்றார். பிறகு திரும்பி வந்து, அடுத்த இலைக்கு ஊற்றினார்.

நான் புறப்படும்போது அவரிடம் சொன்னேன்: "நீங்கள் கேட்டிருந்தால் நான் கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போயிருப்பேன்."

"தெரியுமுங்க" என்றார். "அதனாலதான் கேக்கலீங்க."

ராயப்பன் அதற்கடுத்த நான்கு அறுவடைக்கும் வரவில்லை. அவர் வீடு அரை மைல் தூரம்தான். அறுவடைக்கு முந்தின நாள் சின்னப்பன் போய் வாசலில் நின்று, "நாளைக்கு அறுப்புங்ணா" என்று சொல்லிவிட்டு வருவார். உள்ளிருந்து பதில் வராது. எனக்கு நாமக்கல்லுக்கு மாற்றலான பிறகும் சித்திரையில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன். ஒரு வருஷம் நானும் அவரோடு அந்த வாசல்வரை போனேன். "நீங்க வேண்டாமுங்க, தள்ளி நில்லுங்க. உங்களைப் பாத்தா அவரு இன்னும் இறுக்குவாரு" என்றார். வேலமரத்தடியில் நின்றேன். ராயப்பனுடைய மனைவி வெளியே வந்து, அவர் தூங்குகிறார் என்றாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ராயப்பனுக்கு வாதத்தில் கால் விழுந்துவிட்டது. அந்தத் தடவை சின்னப்பன் வாசலில் நிற்கவில்லை. ஒரு கூடைப் பழத்தோடு உள்ளே போய்க் கட்டிலின்மேல் வைத்தாராம். ராயப்பன் ஒரு பழத்தை வாயில் போட்டு வெகு நேரம் மென்றிருக்கிறார். "தோலு தடிச்சுப் போச்சு. தண்ணியக் கொறச்சுட்டியா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் பொழுது சாயும்வரை தண்ணீரைப் பற்றியும் எருவைப் பற்றியும் பேசினார்களாம். கிண்ணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதைச் சின்னப்பனே எனக்குச் சொன்னார். சொல்லும்போது கொடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சித்திரையில் ராயப்பனை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நானும் பந்தியில் இருந்தேன். காய்ச்சிய சாற்றைக் குடித்துவிட்டு, "சுக்கு ஜாஸ்தி" என்றார். என்னைப் பார்த்து, "கறி வெச்சுக்குங்க" என்றார். அடுத்த தை மாதம் இறந்துபோனார்.

சின்னப்பனைப் பற்றி அழ எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் தோட்டத்து வழக்கத்தை நிறுத்தப் போனவன் நான். அதனால் வந்த நஷ்டம் முழுவதும் அவருடையது. அவர் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்று இத்தனை வருஷமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எழுந்திருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. அப்போது நான் உத்தியோகத்துக்குப் புதிது. மேலதிகாரி என்றால் பயம். நாற்பது பேர் முன்னால் அவர் அண்ணனிடம் முடியாது என்று சொல்லியிருக்கவும் கூடும். சின்னப்பனோ தமக்குத் தெரியும் என்று சொன்னார். சந்தேகப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.