திருச்சுழிக் கண்மாயில் கவிழ்த்துப் பார்த்த பாய்மரப் படகு

கடந்த கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு பார்ப்பதற்காக மதுரையிலிருந்து திருச்சுழிக்குப் போனேன். கடற்கரை அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. என் மனைவியின் தம்பி முருகேசன் துபாயில் ஒரு படகுப் பட்டறையில் பைபர் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் தன் புஞ்சையில் கொட்டகை போட்டு, நான்கு வருடமாக ஒரு பாய்மரப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். கணவன் மனைவி இருவருமாகக் கரையோரமாகவே பயணம் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்ததும் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை கவுத்துப் பாக்கப் போறோம், வந்துருங்க மச்சான்."

மாட்டுத்தாவணியில் காலை ஆறேகாலுக்கு ஏறினேன். ஏழே முக்காலுக்கு அருப்புக்கோட்டை. அங்கிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். இருபுறமும் கருவேலமும், மழைக்கு முளைத்த உளுந்தும். திருச்சுழியிலிருந்து ஊருக்கு ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். படகு பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "கப்பலுக்கு ஆளு எடுக்காகளா சார்? எனக்கும் லைசென்ஸ் இருக்கு."

படகின் நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் எட்டு அடி. இதுபோல் ஒன்றை வாங்கவோ கட்டவோ நினைப்பவர்கள் முதலில் அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். முருகேசனின் படகுக்கு அடியில், இடமும் வலமுமாக இரண்டு கனத்த இரும்புத் தகடுகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. கடல் வற்றும் நேரத்தில் படகு சாயாமல் அந்த இரண்டு கால்களில் தரையில் நிற்கும். நான்கு வருடமும் செம்மண்ணில் முட்டுக் கொடுக்காமல் நின்றது அப்படித்தான்.

அந்தத் தகடுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, கவிழ்ந்த படகை நிமிர்த்துவது. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வகுப்பில் ஒரு பாட்டிலில் கால்வாசி மணல் போட்டு, மூடி, வாளித் தண்ணீரில் விடுவேன். எப்படி அமுக்கினாலும் கையை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். படகின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடியிலேயே இருக்கிறது என்றார் முருகேசன்.

பாய்மரத்தின் அடியில், கதவுக்கு இருப்பதுபோல் ஒரு கீல் இருக்கிறது. பாலமோ மின்கம்பியோ குறுக்கிட்டால் மரத்தைச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். காற்று கூடினால் பாயின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டிவிடலாம், நாம் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல. அறைக்குள் இரண்டு படுக்கை, ஊஞ்சல்போல் ஆடும் ஒரு கேஸ் அடுப்பு. படகு கொஞ்சம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். நிமிர்ந்து நிற்கத்தான் முடியாது. என் தலை இரண்டு முறை இடித்தது.

இத்தனை இருந்தும் படகு கடலுக்குப் போகுமா என்பது அன்று காலை வரை முடிவாகவில்லை. முருகேசனின் மனைவி பாண்டியம்மாளின் தம்பி, மூக்கையூர்க் கடலில் மீன்பிடி வள்ளத்துக்குக் கூலிக்குப் போனவன். வள்ளம் கவிழ்ந்தது. மறுநாள் அதன் அடியிலிருந்துதான் அவனை எடுத்தார்கள். பாண்டியம்மாள் படகு கட்டுவதைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: கவிழ்ந்தால் எழுந்திருக்குமா? எழாவிட்டால் படகை விற்றுவிடுவதாக முருகேசன் வாக்குக் கொடுத்திருந்தார்.

முந்தின நாளே கிரேன் வைத்துப் படகை மடைப்பக்கம் ஆழத்தில் இறக்கியிருந்தார்கள். பாய்மரத்தின் உச்சியில் ஒரு வடத்தைக் கட்டி, மறுமுனையை ஊர்க்காரர்களிடம் கொடுத்தார் முருகேசன். மரம் தண்ணீரைத் தொடும்வரை இழுக்க வேண்டும், சொன்னதும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நானும் ஒரு கை கொடுத்தேன்.

அப்போதுதான் பாண்டியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"ஆளில்லாத படகு எந்திரிச்சா எனக்கு என்னண்ணே?" என்றார் என்னிடம். "நான் உள்ள இருக்கேன். எந்திரிக்கட்டும்."

முருகேசன் அவரைத் தடுக்கவில்லை. லைப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, படகில் ஏற்றி, அறைக்கதவை வெளியிலிருந்து மூடினார். பிறகு கரைக்குத் திரும்பி வந்தார்.

இழுத்தோம். படகு முரண்டு பிடித்தது, பிறகு சட்டென்று விழுந்தது. பாய்மரம் தண்ணீரில் படுத்தது. உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கரைவரை கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

"விடுங்க" என்றார் முருகேசன்.

யாரும் விடவில்லை. தேர் இழுத்துப் பழகிய கைகள் அவை. வடத்தை நடுவில் கைவிடுவது அங்கே யாருக்கும் வராது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பாமலே சொன்னார், "உள்ள பொம்பளப்பிள்ள இருக்கு. எப்படிய்யா விடுறது?"

"நீங்க பிடிச்சிருக்கிறதாலதான் அவ படுத்துக் கெடக்கா" என்றார் முருகேசன். குரல் உயரவில்லை. "விட்டாத்தான் எந்திரிப்பா. விடுங்க மாமா."

மணல் பாட்டில் பாடத்தை இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவன் நான். என் விரல்களும் மூடியேதான் இருந்தன. பெரியவர் முதலில் விட்டார். வடம் எங்கள் கைகளை உரசிக்கொண்டு ஓடியது. படகு எழுந்தது. இப்படியும் அப்படியுமாக இரண்டு முறை ஆடி, நேராக நின்றது. மேல்தட்டில் ஏறிய தண்ணீர் பின்பக்கத் துளைகள் வழியே தானாகவே வடிந்தது.

முருகேசன் நீந்திப் போய்க் கதவைத் திறந்தார். பாண்டியம்மாள் படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுப்புக்கிட்டப் பிடிக்க ஒண்ணுமில்ல. ஒரு கம்பி வைங்க" என்றார்.

இங்கே படகு இறக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கண்மாயில் தண்ணீர் நிற்பது பெரும்பாலும் தை வரைதான். மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஊரிலும் கேட்காமல் எதையும் இறக்காதீர்கள். இப்படிச் சோதிப்பதென்றால் ஆளில்லாமல் சோதியுங்கள். வடம் பிடிப்பவர்களுக்கு, இழுக்கக் கற்றுக்கொடுக்கும் முன் விடக் கற்றுக்கொடுங்கள்.

மாலையில் முருகேசனும் என்னோடு அருப்புக்கோட்டைக்கு வந்தார். இரும்புக்கடையில் துருப்பிடிக்காத குழாய் கேட்டார். எவ்வளவு நீளம் என்றார் கடைக்காரர். முருகேசன் தன் இரண்டு கைகளையும் அருகருகே வைத்து அளந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரு பிடிக்கிற அளவுக்கு வெட்டுங்க" என்றார்.