வலது பக்கம் ஆளில்லாத ஆட்டம்

என் கணவர் ஆன்டெனா ஒயரைக் கழற்ற மறுத்தார். நான் சொல்லப்போகும் அத்தனையும் அந்தப் பிடிவாதத்தில் ஆரம்பித்ததுதான்.

எழுபதுகளின் கடைசி அது. கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கிக்கொண்டு வந்தான். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஆளுக்கொன்றாக இரண்டு குமிழ்கள். டிவியில் போட்டால் இடது ஓரத்தில் ஒரு கோடு, வலது ஓரத்தில் ஒரு கோடு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. குமிழைத் திருகினால் கோடு ஏறும், இறங்கும். வருகிற புள்ளியைக் கோட்டால் தட்டி எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும், தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு எண். இதற்கா சிங்கப்பூர் வரைக்கும் போனாய் என்று கேட்டேன்.

"மச்சானுக்குத்தான்க்கா. எந்நேரமும் சுவத்தையே பாத்துக்கினு இருக்காரு" என்றான்.

அது உண்மை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் கணவருக்கு இருதய வால்வு கெட்டுப்போயிருந்தது. முப்பத்தைந்து தாண்டியதும் அது வேலையைக் காட்டியது. தறிக் குழியில் இறங்கி ஏறினாலே மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கால் வீங்கும். தறியில் உட்காரக்கூடாது என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தறிகளில் கூலிக்கு ஆள் நெய்தார்கள். அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தத் தறியில் இழை அறுந்தது என்று அங்கிருந்தே கத்துவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. திட்டு வாங்க நானும் தறிக்காரர்களும்தான்.

நேர் எதிர் வீடு என் மூத்தாருடையது, அதாவது கணவரின் அண்ணன். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு காலத்தில் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதைக் கோர்வை என்போம். அதற்கு ஒருவர் போதாது. ஒருவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் ஒருவர் இருந்து கரை நூல் சுற்றிய நாடாவை வாங்கி வாங்கித் திருப்பிவிட வேண்டும். இவர் இடது பக்கம், அண்ணன் வலது பக்கம். பத்து வயதிலிருந்து அப்படித்தான். பேச்சே இல்லாமல் நாள் முழுக்க நாடா போய்வந்துகொண்டிருக்கும் என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் பெருமையாகச் சொல்வார்.

அந்த மாமியாரின் சாவில்தான் உறவு அறுந்தது. அப்போது இவர் மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். ஆனால் அதிர்ச்சியான சேதி எதையும் இவர் காதில் போடக்கூடாது, இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூத்தார் சேதி சொல்ல யாரையும் அனுப்பவில்லை, தானே காரியத்தை முடித்துவிட்டார். இவரோடு மெட்ராஸில் இருந்த எனக்கும் அப்புறம்தான் தெரியும். வீட்டுக்கு வந்து மாலை போட்ட படத்தைப் பார்த்த இவர் அழக்கூட இல்லை.

"எங்கம்மாவுக்கு நான் கொள்ளி போடல. என்ன ஒரு புள்ளையாவே நினைக்கல அவரு" என்றார்.

"உன் உசுருக்காகத்தான்டா பண்ணேன்" என்று மூத்தார் வாசலில் நின்று சொன்னார். இவர் உள்ளே போய்விட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. இவனாக வந்து கூப்பிடட்டும் என்று அவரும், அவராக வரட்டும் என்று இவரும் உட்கார்ந்துவிட்டார்கள். முட்டாள்கள். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

சண்டையிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். தெருவிலேயே முதலாவதாக மூத்தார் வீட்டு மாடியில் டிவி ஆன்டெனா ஏறியது. அடுத்த மாதமே எங்கள் வீட்டிலும் ஏறியது. கல்யாண வீடு மாதிரி இரண்டு வீட்டிலும் டிவி பார்க்கக் கூட்டம். எங்கள் ஆன்டெனா மெட்ராஸைப் பார்த்து நின்றது. மெட்ராஸுக்கும் எங்களுக்கும் நடுவில் எதிர் வீடு.

டிவி கேமை மாட்டுகிற அன்றைக்கு வருகிறேன். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் வந்தது, அதன் நுனியில் ஒரு பித்தளை மூக்கு. கூடவே தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன டப்பா, அதில் தள்ளுகிற பொத்தான் ஒன்று. தம்பி கடையில் கேட்டுவந்ததைச் சொன்னான். டிவியின் முதுகில் இரண்டு திருகாணியில் முடுக்கியிருக்கும் ஆன்டெனா ஒயரைக் கழற்றி இந்த டப்பாவில் மாட்ட வேண்டும். கேம் ஒயரையும் டப்பாவில் மாட்ட வேண்டும். டப்பாவிலிருந்துதான் டிவிக்குப் போக வேண்டும். பொத்தானை இப்படித் தள்ளினால் டிவி, அப்படித் தள்ளினால் கேம்.

"ஓடறத எதுக்குக் கழட்டணும்?" என்றார் இவர்.

தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்தாலும் நெசவுக்காரன் தறியை வெறுமையாக விடமாட்டான். பழைய பாவின் நுனிகள் தறியிலேயே நிற்கும். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு வைத்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். பழையதை முழுக்க உருவி எடுப்பது தறியை மூடுகிற வீட்டில்தான். டிவியிலும் அவர் அதையே செய்தார். புது ஒயரின் மூக்கை அறுத்தார், தோலைச் சீவினார், அடுப்பிலிருந்து சாம்பல் கொண்டுவரச் சொன்னார். ஆன்டெனா ஒயரின் இரண்டு கம்பிகளோடு இந்த இரண்டையும் வைத்து அழகாக முறுக்கிவிட்டார். டப்பா உபரி என்று அலமாரிக்குப் போனது.

படம் வந்தது. தம்பி டப்பாவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தான். புள்ளிக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு புள்ளி நிழலாக ஓடியதுதான் ஒரே குறை.

தம்பி கப்பலுக்குத் திரும்பியபின் நான்தான் எதிராளி. சாயங்காலம் மெட்ராஸ் நிலையத்தில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடுவோம். எனக்கு அது வரவே இல்லை. புள்ளி போனபிறகு குமிழைத் திருகுவேன். "கரைக்கு ஆள் சரியில்லன்னா புடவை இப்பிடித்தான் இருக்கும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் தோற்கலாம். ஆனால் சிரித்துவிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். யாரைத் தேடுகிறார் என்று நான் கேட்டதில்லை.

அந்த நிழல் புள்ளி கண்ணை உறுத்துகிறது என்று ஒருநாள் ரேடியோ ரிப்பேர்க்காரரை வரவழைத்தார். வந்தவர் டிவியின் முதுகைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அலமாரியிலிருந்த டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒயருக்குப் புது மூக்கு வைத்து, முறையாக மாட்டினார். நிழல் போய்விட்டது.

"ஆன்டெனாவோட சேத்துக் கட்டினா வாங்கறதோட நிக்காதுங்க. உங்க ஆட்டத்த அது வெளிய அனுப்பும். இத்தினி நாளா பக்கத்துல டிவி போட்டவங்களுக்கெல்லாம் உங்க கேமுதான் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

தெருவில் இருந்த இன்னொரு டிவி ஒன்றே ஒன்றுதான்.

"எதிர் வூட்லயுமா?" என்று இவர் கேட்டார்.

"நேரா அங்கதான பாத்துக்கினு நிக்குது உங்க ஆன்டெனா. நல்லாவே தெரியும்."

இவர் திரும்பி வாசல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தார். பிறகு, "பழையபடியே கட்டிட்டுப் போப்பா" என்றார்.

ரிப்பேர்க்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். என் டிவி, என் ஒயர், என் இஷ்டம் என்று இவர் குரலை உயர்த்தியதும் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. பயந்துபோய்ப் பழையபடி முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து ஆட்டத்துக்கு முன் முகம் கழுவி, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். புள்ளிதான் தெரியும், உங்கள் சட்டை தெரியாது என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் வலது குமிழைப் பிடிக்கப் போனபோது கையைத் தள்ளினார்.

"நீ ஒக்காராத. அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும்."

"நான் போய் உங்க அண்ணனைக் கூப்ட்டு வரட்டுமாங்க?" என்றேன்.

"கூப்ட்டு வரது வேணாம். பாக்கறாரு இல்ல? பாத்துட்டு அவரா வரட்டும்."

அன்று முதல் இடது கோடு மட்டும்தான் அசைந்தது. புள்ளியை அனுப்புவார். வலது ஓரத்தில் தட்ட ஆளில்லாமல் அது வெளியே போகும். இவர் பக்கம் எண் ஏறும். மறுபடி அனுப்புவார். "ஆளில்லாத பக்கத்த ஜெயிச்சுக்கினு இருக்கேன் பாரு" என்று ஒருநாள் சொன்னார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் குமிழைத் திருகும் கை நின்றுவிடும். எதிர் வீட்டுக் கதவு திறக்கும், மூத்தார் வெளியே வருவார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடப்பார். இவர் திரும்பி மறுபடி புள்ளியை அனுப்புவார். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறிய பிறகும், படுத்தே கிடந்த கடைசி வாரத்திலும், பெட்டியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஆடினார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு நின்றுபோனது.

என் கத்தலைக் கேட்டு முதலில் ஓடிவந்தவர் மூத்தார்தான். சட்டையில்லை, செருப்பில்லை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "டேய், டேய்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை மாதம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இப்போது எதற்கு வந்தீர்கள் என்று பிணத்தின் முன்னாலேயே கேட்டிருப்பேன். கூட்டம் என்னை உள்ளே இழுத்துப்போய்விட்டது. மூத்தாரின் மகன்தான் கொள்ளி வைத்தான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் என் ஓர்ப்படி, மூத்தாரின் மனைவி, சமையலறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்காமலே சொன்னாள்.

"உங்க வூட்டு ஆட்டம் எங்க டிவில தெரிஞ்சிதுடி. சாயங்காலமானா மனுசன் அது முன்னாடி ஒக்காந்துடுவாரு. புள்ளி போற பக்கம் கை போவும். 'பாரு, எப்பிடி அனுப்பறான் பாரு'ம்பாரு. போயி ஒக்காருங்களேன்னு சொன்னா, கூப்புடட்டும்பாரு."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதாக்கா?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மா மேல சத்தியம் வாங்கிட்டாரு. நமக்குத் தெரியுதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவான், அப்பறம் அவன் எப்பிடி இருக்கான்னே தெரியாமப் போயிடும்னாரு. புள்ளி ஓடினா தம்பி நல்லாயிருக்கான்னு அர்த்தமாம். பாத்துட்டுத்தான் கோயிலுக்குப் போவாரு."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அண்ணன் பார்க்கிறார் என்று இவருக்குத் தெரியும். அது இவருக்குத் தெரியும் என்று அண்ணனுக்குத் தெரியாமல் போனது. நடுவில் எட்டடித் தெரு.

அன்று சாயங்காலம் மூத்தார் வந்து கூடத்தில் தயங்கி நின்றார். "அத கொஞ்சம் போடும்மா" என்றார். டிவியைப் போட்டு, கறுப்புப் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், பெட்டியின் வலது பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலது குமிழைப் பிடித்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தவர், "கண்ணாடிய வூட்டு டிவி மேல வெச்சிட்டு வந்துட்டேன். எடுத்தாரியாம்மா?" என்றார்.

சண்டைக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டுப் படி ஏறினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்குப் போட்டுப் போட்டுப் பழகிவிட்டது, கை தானாகப் போகிறது என்று ஓர்ப்படி சொன்னாள். டிவிக்கு முன்னால் ஒரு முக்காலி.

படம் எங்கள் வீட்டைவிடத் தெளிவாக இருந்தது. நிழல் புள்ளிகூட இல்லை. எண்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. வலது கோடு ஏறி இறங்கிப் புள்ளியைச் சரியாகத் தட்டி அனுப்பியது. இடது ஓரத்தில் யாரும் இல்லாததால் அது வெளியே போனது. மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார், மறுபடி போனது. கண்ணாடியை எடுக்க மறந்து, அந்த ஆட்டம் முடியும்வரை நான் அங்கேயே நின்றேன்.